சண்டைக் கேசட்

எங்கள் வீட்டுக்கு டெக் வந்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டுக்கு என்று சொல்வதே தப்பு. ஒரே கூரை, ஒரே வாசல்தான். ஆனால் கூடத்துக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தியின் பாதி, இந்தப் பக்கம் என் பாதி. டெக் அந்தப் பக்கம் போயிற்று. அவள் புருஷனும் என் தம்பியும் கெட்டது அந்தப் பெட்டியால்தான், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பொறாமையை முதலில் சொல்லிவிட வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் வேறு யாரோ சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அவள் பக்கத்தில் பூவம் என்கிற ஊர்ப் பெண். அவளுடைய அண்ணன் சவூதியில் இருந்தான். லீவில் வந்தவன் கலர் டிவி ஒன்றும், வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கிற டெக் ஒன்றும் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து தங்கச்சி வீட்டில் இறக்கினான். கூரைக்கு மேலே கடல் பக்கம் பார்த்து ஆண்டெனாக் குழாயை நிறுத்தினார்கள். சிலோன் டிவி தெரிந்தது. நான் எழுபதுகளில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கொண்டுவந்தது ஒரு பித்தளை அண்டாவும் ஒரு தையல் மெஷினும். அண்டாவைப் பார்க்க யாராவது தெரு திரண்டு வருவார்களா?

சாயங்காலம் ஆனால் கீழத்தெரு முழுக்க அவள் பக்கத்தில்தான். என் பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிறவர்கள் என் பக்கம் தலையைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவளோ கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து கூப்பிடுவாள்.

“அக்கா, உங்களுக்கு முன்னாடி பாய் போட்டு வச்சிருக்கேன். வாங்கக்கா.”

“எனக்கு உலை கொதிக்குது புள்ள. நீ பாரு.”

உலையா கொதித்தது? அவள் கர்வம் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். மரியாதைக்கும் குறைவில்லை, நிறத்துக்கும் குறைவில்லை, புருஷன் வேறு அப்படி. என் கொழுந்தன் தோளும் மார்புமாக நிற்பான். நெல் மூட்டையைத் தனியாகத் தூக்கி வண்டியில் போடுவான். என் வீட்டுக்காரர் அவனுக்கு மூத்தவர், நெரவி ரைஸ்மில்லில் எடை போடும் வேலை. வாயில்லாப் பூச்சி. அண்ணன் தம்பி சேர்ந்து நடந்தால் வெளியூர்க்காரர்கள் தம்பியைத்தான் முதலில் கும்பிடுவார்கள்.

எனக்குப் பிறந்த வீடும் அதே ஊர்தான். கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டேன், பிறந்தது மேலத்தெரு. அங்கே எனக்கு ஒரே தம்பி. அவனும் என் கொழுந்தனும் ஒரே வயது, ஒன்றாகப் படித்து ஒன்றாகப் படிப்பை விட்டவர்கள். மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊரில் இரண்டு தெருவுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. மேலத்தெருவில் மாமன் என்றால் கீழத்தெருவில் மச்சான்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு தெருவும் அடித்துக்கொள்ளும். மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் பொழுது சாய்கிற வேளையில் அம்மன் சப்பரம் வரும். இரண்டு தெருவும் பிரிகிற முக்கில், வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில், அம்மன் முதலில் எந்தத் தெருவுக்குத் திரும்புவது என்று தள்ளுமுள்ளு நடக்கும். சப்பரத்தை இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். கைகலப்பு, வசவு, சட்டை கிழிசல், சில வருஷம் மண்டை உடைசல்கூட உண்டு. ஜெயித்த தெருவில் முதல் தீபாராதனை.

அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. மறுநாள் காலையில் கொடி இறங்கும். கொடி இறங்கிய பிறகு முக்கில் நடந்ததை ஒருவரும் வாயால் சொல்லக் கூடாது. யார் தள்ளினான், யார் விழுந்தான், யார் பல் போயிற்று, எதுவும் பேச்சில் வரக் கூடாது. பேசினவன் கோவிலுக்கு ஒரு டின் எண்ணெய் கொடுக்க வேண்டும். திருவிழா முடிந்து வரும் விடையாற்றி அன்று அடித்தவனும் அடிபட்டவனும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷம், எங்கள் மேலத்தெருக்காரர் ஒருவர் என் மாமனாரின் காதைக் கிழித்துவிட்டார். விடையாற்றிச் சாப்பாட்டில் அவருக்கு என் மாமனார்தான் ரசம் ஊற்றினார், காதில் கட்டோடு. சிரிப்பு வந்து நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். இன்றைக்கு யோசித்துப் பார்த்தால், ஊர் அத்தனை வருஷம் பிழைத்துக் கிடந்தது அந்த ஒரு கட்டுப்பாட்டால்தான் என்று தெரிகிறது.

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அரபு நாட்டுக்குப் போய்விட்டார்கள். திருவிழா வரியை அங்கிருந்து சேர்த்து அனுப்புவார்கள். ஒரு வருஷம் வரியோடு ஒரு வேண்டுகோளும் வந்தது. நாங்கள்தான் வர முடியவில்லை, திருவிழாவை வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று. அதிலென்ன தப்பு? ஊர் சரி என்றது. காரைக்காலில் பாய் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் வீடியோ எடுக்கும் ஒருவரைக் கொழுந்தன்தான் போய்ப் பேசி அழைத்துவந்தான். தோளில் காமிராவும் கூடவே ஒரு ஆள் கையில் பெரிய லைட்டுமாக வந்தார். விடியற்காலையிலிருந்து எடுத்தார்.

சாயங்காலம் முக்கில் தள்ளுமுள்ளு. பெண்கள் நாங்கள் மதகுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தோம். வழக்கமாக எல்லாம் புழுதியும் மங்கலுமாக இருக்கும், யார் யாரை என்ன செய்தார்கள் என்று தெரியாது. அன்றைக்கு அந்த லைட் பகல் மாதிரி அடித்தது. கொழுந்தன் இடது தோளால் ஒரு இடி இடித்தான். என் தம்பி கால் இடறி, வேட்டி தலைக்கு மேல் போக, தலைகுப்புற வாய்க்காலில் விழுந்தான். ஊரே சிரித்தது. கொழுந்தன் லைட் வந்த பக்கம் தலையை வெடுக்கென்று திருப்பி, முன்முடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவனே கை கொடுத்து என் தம்பியைத் தூக்கிவிட்டான். தம்பி வாயிலிருந்த சேற்றைத் துப்பிவிட்டு, “இரு மாப்ள, அடுத்த வருஷம் ஒன்ன அம்மனோட சேத்துத் தூக்குறேன்” என்றான். இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். மறுநாள் கொடி இறங்கிற்று. ஊர் வாயை மூடிக்கொண்டது.

வீடியோக்காரர் முழுக் கேசட்டைக் கொழுந்தனிடம் கொடுத்தார். அதிலிருந்து ஒரு பிரதி அரபு நாட்டுக்குப் போயிற்று. அங்கே ஒரே அறையில் எங்கள் ஊர் ஆட்கள், இரண்டு தெருவும் கலந்து, இருந்தார்களாம். முதல் வாரம் முழுக் கேசட்டையும் பார்த்திருக்கிறார்கள். அம்மன் முகத்தைக் கண்டு அழுதவர்கள்கூட உண்டாம். அதற்குப் பிறகு முக்கை மட்டும் பார்த்திருக்கிறார்கள். எவனோ ஒரு புண்ணியவான் இரண்டு டெக்கை இணைத்து, இடிப்பது, விழுவது, தலையைத் திருப்புவது, இது மட்டும் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி ஒரு கேசட் பதிந்தான். பின்னால் பம்பைச் சத்தம் சேர்த்தான். தூக்கிவிட்டது அதில் கிடையாது.

அந்தக் கேசட் லீவில் வந்த ஒருவனுடைய பெட்டியில் ஊருக்குத் திரும்பி வந்தது. சண்டைக் கேசட் என்று அதற்குப் பெயரும் வந்தது. எங்கள் வீட்டில் என் ஓரகத்தியின் பக்கம்தான் முதலில் போட்டார்கள். அன்றைக்கு நானும் போய் உட்கார்ந்தேன், என்ன செய்வது, பார்க்காமல் இருக்க முடியவில்லை. கொழுந்தன் இடித்தான், தம்பி விழுந்தான். கொழுந்தன் திரும்பினான். பம்பை அடித்தது. தம்பி மறுபடியும் விழுந்தான். ரிமோட் யார் கையில் இருந்ததோ, பின்னுக்கு ஓட்டினார்கள். தம்பி வாய்க்காலிலிருந்து பறந்து வந்து நின்றான், வேட்டி தானாகக் கீழே இறங்கிற்று. கூடம் அதிரச் சிரித்தார்கள். மறுபடியும் விழச் செய்தார்கள். என் வீட்டுக்காரரைத் தேடினேன். ஒரு ஓரத்தில் அவருடைய முதுகு மட்டும் வந்தது. அவள் புருஷனுக்கு முகம், என் புருஷனுக்கு முதுகு, என் தம்பிக்கு அதுகூட இல்லை, வெறும் கால்கள்.

பிறகு அது போகாத இடமில்லை. காரைக்கால் கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைத்தது. கீழவாஞ்சூர் வரைக்கும் கீற்றுக் கொட்டகையில் படம் காட்டுகிறவர்கள், படத்துக்கு முன்னால் இதைப் போட்டுக் கூட்டம் சேர்த்தார்கள். என் ஓரகத்தி குழாயடிக்குப் போனால் முன்பின் தெரியாத பெண்கள் அவள் குடத்தை முதலில் வைக்க விட்டார்கள். “கேசட்டுல இடிக்கிறாரே, அவரு சம்சாரம்.” வளையல் கடையில் அவளுக்கு நாற்காலி போட்டான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது? வாய்க்காலில் விழுந்தவனுடைய அக்கா என்றா?

கொழுந்தனும் மாறிப்போனான். முன்முடியை வளர்த்தான். சைக்கிளில் போகும்போதும் யாராவது கூப்பிட்டால் சாதாரணமாகத் திரும்பமாட்டான், கேசட்டில் திரும்பின மாதிரி வெடுக்கென்று திரும்புவான். சாப்பாட்டில் உப்பு போதுமா என்று கேட்டால்கூட அந்தத் திருப்பல்தான். கெட்டவன் இல்லை. ஊர் ஒருத்தனை ஒரே பார்வையில் நூறு தடவை பார்த்தால் அவன் அந்தப் பார்வையாகவே ஆகிப்போகிறான்.

என் தம்பி டீக்கடைக்குப் போவதை நிறுத்தினான். மேலத்தெருப் பிள்ளைகள் விழுகிற விளையாட்டு விளையாடினார்கள். ஒருத்தன் இடிக்க, ஒருத்தன் கால்சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு விழ, மற்றவர்கள் வாயால் பம்பை அடித்தார்கள். திருநள்ளாறு பக்கம் ஒரு பெண் பார்த்து முடிவாகிற நிலைமையில் இருந்தது. பெண்ணின் அண்ணன் கேசட்டைப் பார்த்திருக்கிறான். ஆள் அனுப்பி, ஜாதகம் சரியில்லை என்றார்கள். ஜாதகம் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நான் அவனைப் பார்க்கப் போனேன். கொல்லையில் கொடிக்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“போனது போச்சுடா. ஊர்ல யாரு விழல? கொடி எறங்குனா மறந்துட வேண்டியதுதானே.”

“முக்குல நான் ஒரு தடவதான் விழுந்தேங்க்கா. இப்ப தெனமும் விழுவுறேன். ஒன் வூட்டுலயே எத்தன தடவ விழுந்தேன், எண்ணுனியா?”

அவன் கண்ணைப் பார்த்தபோதே அடுத்த திருவிழாவில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டில் ஒருத்தன் எழுந்திருக்க மாட்டான். எந்த ஒருத்தன் என்பதுதான் தெரியவில்லை.

வந்த வேகத்தில் ஓரகத்தியிடம் போனேன்.

“அந்தக் கேசட்ட இனிமே போடாத புள்ள. அவன் என் தம்பி.”

அவளுக்கு முகம் வாடிவிட்டது. “நானாக்கா போடுறேன்? கேட்டு வர்றவங்கள எப்படி அனுப்புறது? அவருக்கும் ஆசையா இருக்கு. நாம நிறுத்துனா ஊர்ல நிக்கவா போவுது, சொல்லுங்க.”

அவள் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. ஒனக்கென்ன, ஒன் புருஷன் இடிக்கிறவன் என்று சொல்லிவிட்டு என் பக்கம் வந்து சோற்றுப் பானையை நங்கென்று இறக்கினேன்.

என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி என்றேன் அல்லவா, அந்த ஒரு தடவை மட்டும் வாயைத் திறந்தார். ஊர்க் கூட்டத்தில் எழுந்து, கொடி இறங்கின பிறகு முக்கு விஷயம் பேசக் கூடாது என்பது கட்டுப்பாடு, அந்தக் கேசட் தினமும் பேசிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்த வேண்டும் என்றார். கூட்டத்தில் பெரிய தலைக்கட்டு ஒருவர், கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டம் தெரிந்தவர் என்று பெயர். அவர் கேட்டார்.

“வாயால பேசக் கூடாதுன்னுதானே தம்பி கட்டுப்பாடு? கேசட்டுக்கு வாய் ஏது? யாருகிட்ட எண்ணெய் டின்னு வாங்குறது, டெக்குகிட்டயா?”

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் ஒருவருக்காவது, வாயை மூடச் சொன்னது எதற்காக என்று தோன்றவில்லை. அரபு நாட்டு வரியை விடவும் மனசில்லை. வரி அனுப்புகிறவர்கள் இந்த வருஷமும் வீடியோ வேண்டும் என்றிருந்தார்கள்.

அரபு நாட்டில் அந்த அறையிலும் இதற்குள் இரண்டு தெருவும் பிரிந்து தனித்தனி அடுப்பு வைத்துவிட்டார்களாம். கடிதம் எழுதுவதற்குப் பதிலாகப் பேசிப் பதிந்து அனுப்புகிற சின்ன கேசட்டுகள் அப்போது வரும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டிய குரலை, டீக்கடை டேப்ரிக்கார்டரில் போட்டார்கள். கீழத்தெருப் பையன் ஒருவன் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, “மச்சான், இந்த வருஷம் ரெண்டு பேரையாச்சும் வாய்க்கால்ல பாக்கணும்” என்றான். மேலத்தெருக்காரன் ஒருவன், “நம்ம தெருவுக்குன்னு தனியா ஒரு காமிரா வைங்க, செலவு எங்களுது” என்றான். இவர்களுக்கு அங்கே குளிர்ந்த அறை, கையில் ரிமோட். அடிபடுகிற மண்டை எங்களுடையது. எரிகிற வீட்டில் குளிர்காய்வது என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

அதற்குள் சுற்றுப்பட்டிலும் தொற்றிக்கொண்டது. சண்டையே இல்லாத ஊர்த் திருவிழாக்களில்கூட வீடியோ லைட் வந்தால் இளவட்டங்கள் ஒருத்தனை ஒருத்தன் இடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு ஊரில் காவடி எடுத்தவனையே தள்ளிவிட்டுக் கேசட் எடுத்தார்களாம். எங்கள் கேசட்டைவிட நன்றாக இல்லை என்று எங்கள் ஊர்ப் பையன்கள் பெருமை பேசினார்கள்.

மறு வருஷத் திருவிழா வந்தது. முக்கில் இரண்டு காமிரா, இரண்டு லைட். முன்பெல்லாம் வெற்றுடம்போடு வருகிற ஆண்கள், கேசட்டில் அடையாளம் தெரிய வேண்டும் என்று கலர் கலராகப் பனியன் போட்டு வந்திருந்தார்கள். பவுடர் பூசியிருந்தவர்களையும் பார்த்தேன். சப்பரம் முக்குக்கு வந்தபோது அம்மனைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அம்மனுக்குத்தான் தெரியும். வீடியோக்காரர் ஒருவர், “கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கண்ணே” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் என் தம்பியைத்தான் தேடினேன். மேலத்தெருப் பக்கம் சப்பரத்துக்குத் தோள் கொடுக்காமல் ஒதுங்கி நின்றிருந்தான். கையில் கவைக்கட்டை. சப்பரத்தை நிறுத்தும்போது கம்புக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை அது, ஆள் தோள் உயரம் இருக்கும், தூக்குகிறவர்கள் எல்லார் கையிலும் இருப்பதுதான். நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். “அக்கா, போவாதீங்க” என்று ஓரகத்தி என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போனேன். தம்பி பெயரைச் சொல்லிக் கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

கொழுந்தன் ஒருவனை இடித்தான். போன வருஷம் இடித்த அதே தோள். ஆள் சரிந்தான். உடனே கொழுந்தன் லைட் பக்கம் தலையை வெடுக்கென்று திருப்பி முன்முடியைத் தள்ளிவிட்டான். இந்த வருஷம் லைட் இரண்டு என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றான். கட்டை வந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு கையால் தடுத்திருப்பான், அவன் பலத்துக்கு அது ஒன்றுமேயில்லை. அவன் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. என் தம்பி எங்கும் ஓடவில்லை. வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தான். எங்கள் புதுச்சேரி மாநிலத்துச் சிவப்புத் தொப்பிப் போலீஸ் வந்து கூப்பிட்டதும் எழுந்து போனான். இரண்டு காமிராக் கேசட்டையும் போலீஸ் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் எவன் எப்போது பிரதி எடுத்தானோ, மூன்றாம் மாதம் அதுவும் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. சண்டைக் கேசட் இரண்டாம் பாகம் என்று கேட்டு வாங்கினார்களாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இதற்கு மூடியே கிடையாது.

தம்பிக்குத் தண்டனை ஆகிப் புதுச்சேரி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருந்தோம், கொன்றவனுடைய அக்காவும் செத்தவனுடைய பெண்டாட்டியும். துக்கம் கேட்க வந்தவர்கள் என் பக்கத்தைத் தாண்டி அவள் பக்கம் போனார்கள், முன்னால் டிவி பார்க்கப் போன மாதிரியே. அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் தம்பி போய்விட்டான். எனக்காக அழ ஒரு நாதி இல்லை. துக்கத்தில்கூட அவளுக்குத்தான் கூட்டம் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

அவள் ஒரு வார்த்தை என்னைத் திட்டியதில்லை. பேச்சும் இல்லை. பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணி வருதுக்கா, பால்காரர் வந்துட்டாருக்கா என்கிற அளவுக்குப் பேச்சு வந்தது. கூட்டம் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. மத்தியானத்தில் அவள் கதவை ஒருக்களித்துக்கொண்டு தனியாக டிவி பார்ப்பாள். பம்பைச் சத்தம் எதுவும் வராது. இந்த நிலைமையிலும் படம் பார்க்க இவளுக்கு மனசு வருகிறதே என்று நான் என் பக்கத்தில் பொருமிக்கொண்டிருப்பேன்.

எண்பதுகள் முடிகிற சமயம். ஒரு மத்தியானம் ஜெயிலில் தம்பியைப் பார்த்துவிட்டு, முதல் நாள் ராத்திரியே கிளம்பிய களைப்போடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். அவன் எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். வாசலில் செருப்பை விடும்போது அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“அக்கா, சாப்பிட்டீங்களா? இப்படி வாங்க.”

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் பக்கம் போனேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கோவில், எங்கள் மதகு. திரும்பி ஓடலாம் என்று நினைத்தேன்.

“பயப்படாதீங்கக்கா. இது அந்தக் கேசட்டு இல்ல. மொத மொத எடுத்தாங்களே, முழுசு. அவருகிட்ட குடுத்தது. முக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் நிறுத்திடுவேன்.”

காலை வெயில். கோவில் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கம்பத்தின் உச்சிக்குக் கை எட்டவில்லை. என் கொழுந்தன் குனிந்து உட்கார, என் தம்பி அவன் இரண்டு தோளிலும் கால் வைத்து ஏறுகிறான். கொழுந்தன் மெல்ல எழுந்து நிற்கிறான். தம்பி மாவிலையைக் கட்டப் போகும் நேரம் பார்த்துக் கொழுந்தன் அவன் உள்ளங்காலில் விரலை ஓட்டுகிறான். தம்பிக்குச் சின்னதிலிருந்தே கூச்சம் அதிகம். கம்பத்தைக் கட்டிக்கொண்டு, மேலே நின்றபடியே, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான். கீழே இவனும் சிரிக்கிறான். சிரிப்பில் இரண்டு பேரும் ஆடுகிறார்கள், ஆனால் விழவில்லை. கணுக்காலைக் கொழுந்தன் இறுகப் பிடித்திருக்கிறான்.

அவள் நிறுத்தினாள். பின்னுக்கு ஓட்டினாள். மறுபடியும் போட்டாள். என்னைக் கேட்காமலே செய்தாள், கை அதற்குப் பழகியிருந்தது.

“தெனமும் மத்தியானம் இதுதாங்க்கா பாப்பேன். இத யாரும் கேட்டு வரல. அதனால என்கிட்டயே இருந்துடுச்சு.”

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. மாதம் தவறாமல் புதுச்சேரிக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வருகிறவள் நான். அவன் ஒரு தடவை சிரித்துவிடமாட்டானா என்று முறுக்கு கொண்டுபோவேன், ஊர்க் கதை சொல்வேன். அவன் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துகொண்டு வந்தது. இவளோ, அவன் கையால் புருஷனைப் பறிகொடுத்தவள், என் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, இத்தனை வருஷமாகத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இன்று எரிந்ததைப் பார்த்தால், டெக் வந்த நாளில் எரிந்த வயிறு என்ன பெரிய எரிச்சல்.

“இன்னொரு தடவ போடு புள்ள” என்று சொல்லிவிட்டு அவள் பாயில் உட்கார்ந்தேன்.